இருபதாவது சொல்லில் நின்ற வகுப்பு

அந்தப் பள்ளியில் அவளுக்கு இரண்டு பட்டப்பெயர்கள். பிள்ளைகள் வைத்தது 'அப்புறம் டீச்சர்'. ஆசிரியர் அறையில் வைத்தது 'அரைக்கதை'. முதலாவதை முகத்துக்கு நேரே கூப்பிட்டார்கள். இரண்டாவதை முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். அவளுக்குப் பாம்புச் செவி. இரண்டும் காதில் விழுந்தன. இரண்டும் உண்மைதான் என்பதால் எதையும் மறுக்கவில்லை.

இரண்டாம் வகுப்பு அவளுடையது. லாரி நிறுத்தத்தின் பின்சுவர்தான் வகுப்பறைக்கும் பின்சுவர். லாரி பின்னோக்கி வரும்போது எழும் கீச்சொலிக்கு முப்பத்தொரு பிள்ளைகளும் வாயை மூடி, ஒலி நின்றதும் விட்ட எழுத்திலிருந்து தொடரப் பழகியிருந்தார்கள். தகரக் கூரை வேறு. பன்னிரண்டு மணிக்கு மேல் அந்த அறையில் சின்னப் பிள்ளைகளை உட்காரவைப்பதே குற்றம், உட்காரவைத்து ஒரே எழுத்தை நூறு தடவை எழுதச் சொல்வது இரட்டைக் குற்றம் என்பது அவள் கட்சி.

ஆகவே பன்னிரண்டு மணிக்குக் கதை சொல்வாள். பாதிதான். தபால்காரியின் சைக்கிள் பாலத்தின் நடுவில் சங்கிலி அறுந்து நிற்கும், பாலத்தின் அந்தக் கோடியில் ஒரு காட்டெருமை தலையைக் குனியும், மணி அடித்துவிடும். "அப்புறம்?" என்று வகுப்பே கூவும். "அப்புறம் கொடியில இருக்கு" என்பாள்.

கொடியில் உண்மையாகவே இருக்கும். போன வருடத்து மாதக் காலண்டர்களை வீடு வீடாகக் கேட்டு வாங்கி, அந்தத் தாள்களின் பின்புறத்தில் மீதிக் கதையைத் தடித்த பேனாவால் பெரிதாக எழுதி, அறையின் குறுக்கே கட்டிய கயிற்றில் துணிக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருப்பாள். ஒரு கதைக்கு நான்கு தாள். ஒவ்வொரு தாளும் கதை திரும்பும் இடத்தில் முடியும். அதற்கென்று ஒரு முறை இருந்தது. தாளின் கடைசிச் சொல்லில் விரலை வைத்துக்கொண்டு பிள்ளை தலையைத் தூக்க வேண்டும். அடுத்து என்ன நடக்கும் என்று ஊகித்துச் சொல்ல வேண்டும். எதிரில் இருப்பவர் "அப்படியா, பாப்போம்" என்பார். அதன் பிறகுதான் அடுத்த தாள். ஊகம் தப்பானால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. "அது உன் கதை. நாளைக்கு எழுதிட்டு வா" என்பாள். மறுநாள் பிள்ளை சொல்லச் சொல்ல அவள் எழுதிக்கொடுத்த தாளும் கொடியேறிவிடும். முன்பெல்லாம் முதல் மணிக்குப் பிறகும் தெருவில் திரிந்த பிள்ளைகள், இந்த வகுப்புக்கு வந்த பிறகு கதவு திறக்கும் முன்பே வாசலில் நின்றார்கள். மீதிக் கதை உள்ளே இருக்கிறதே.

இந்த முறையை அவள் எந்தப் பயிற்சியிலும் கற்கவில்லை. அடி வாங்கிக் கற்றாள்.

மூன்றாம் வகுப்பு முடிகிற வரை அவளுக்கு வாசிக்கத் தெரியாது. தெரியாது என்பது யாருக்கும் தெரியாது. பக்கத்துப் பிள்ளைகள் படிப்பதைக் கேட்டே பாடப் புத்தகம் முழுவதையும் நெஞ்சில் ஏற்றி, சரியான இடத்தில் பக்கத்தையும் திருப்புவாள். ஒருநாள் ஆசிரியர் வேறொரு புத்தகத்தை நீட்டினார். குட்டு உடைந்தது. அளவுகோலின் விளிம்பு முட்டியில் விழுந்தது. "மூணு வருஷமா திருட்டுப் படிப்பா படிச்சே?" என்று கேட்டார். மூன்று வருடமாகத் தான் என்ன கிழித்தோம் என்று அந்த மனிதர் ஒரு கணமும் யோசிக்கவில்லை. முட்டியின் வலி ஒரு வாரத்தில் போய்விட்டது. கேள்வி போகவில்லை. இன்றைக்கும் யாராவது அளவுகோலை மேசையில் தட்டினால் அவளுக்குக் கோபம் குதிகாலிலிருந்து ஏறும்.

அவளுடைய அம்மாவுக்கு மளிகைக் கடையில் பொட்டலம் மடிக்கும் வேலை. பின்கட்டில் பழைய பத்திரிகைகள் ஆள் உயரம் குவிந்து கிடக்கும். அதில் ஒரு தாளில் ஒரு கப்பல் தலைவனைச் சரக்கு அறைக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்கள். எழுத்துக்கூட்டி, எழுத்துக்கூட்டி, இரண்டு நாள் போராடி அந்தப் பூட்டுவரை வந்துவிட்டாள். பூட்டுக்குக் கீழே தாள் கிழிந்திருந்தது. அன்றிலிருந்து அந்தக் குவியலை அவள் எலி மாதிரிக் குடைந்தாள். கிழிந்த மீதியைத் தேடி இரங்கல் செய்தி, ஏல அறிவிப்பு, மூட்டுவலித் தைல விளம்பரம், வழக்குமன்றச் செய்தி எல்லாவற்றையும் படித்தாள். ஐந்தாறு மாதத்தில் சரளமாக வாசிக்க வந்துவிட்டது. கப்பல் தலைவன் என்ன ஆனான் என்பது மட்டும் இன்றுவரை தெரியாது.

பசி எடுத்தவன் அடுப்பங்கரையைத் தானே கண்டுபிடிப்பான் என்பதுதான் அதில் அவள் கண்ட பாடம். பிள்ளைக்கு எழுத்தை ஊட்டாதே, கதைப்பசியை மூட்டு. இருபது வருடமாக அதைத்தான் செய்துவந்தாள்.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. துணி தேய்க்கும் கடை வைத்திருந்த ஒரு அம்மா வருடத் தொடக்கத்திலேயே வந்து சண்டை போட்டுவிட்டுப் போனாள். அவளுடைய மகள்தான் வகுப்பிலேயே குள்ளம், சுண்டுவிரல் உயரம். அதனால் சுண்டு என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள்.

"கதைய நான் வீட்லயே அளந்துக்குவேன் டீச்சரம்மா" என்றாள் தேய்ப்புக்கார அம்மா. "எனக்குக் கையெழுத்து ஒண்ணுதான் போடத் தெரியும். இவளுக்காச்சும் நாலு எழுத்து வரணும். படிப்பச் சொல்லிக் குடுங்க."

டீச்சர் கோபப்படவில்லை. நியாயமான பயம் அது. ஆறு மாதம் பொறுங்கள் என்று கேட்டுக்கொண்டாள். ஆறாவது மாதம்தான் கடிகாரம் வந்தது.

மேலிடத்திலிருந்து மதிப்பீட்டு அதிகாரி ஒருவர் வந்தார். கழுத்தில் நாடா, நாடாவில் நிறுத்துகடிகாரம். ஒவ்வொரு பிள்ளையாகத் தனி அறைக்குள் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்து ஒரு நிமிடம் படிக்கச் சொன்னார். ஐம்பத்தைந்து சொற்கள் உள்ள ஒரு பத்தி. நாற்பத்தைந்து சொல் படித்தால் தேர்ச்சி. வகுப்பு ஆசிரியர் உள்ளே வரக்கூடாது. தேர்வாளர் பேசக்கூடாது. காலை பத்து மணிக்குத் தொடங்கி மதிய உணவுக்கு முன்பே முப்பத்தொரு பிள்ளைகளுக்கும் ஜாதகம் எழுதி முடித்துவிட்டார்.

ஒரே ஒரு பிள்ளை தேர்ச்சி. போன மாதம் வேறு பள்ளியிலிருந்து வந்து சேர்ந்த பிள்ளை அது. மீதி முப்பது பேருக்கும் 'வாசிக்கும் திறன் இல்லை'.

ஆசிரியர் அறையில் அன்று தேநீர் ருசியாக இருந்திருக்க வேண்டும். ஆளுக்கு இரண்டு குவளை குடித்தார்கள். ராசியில்லாத வகுப்பு என்றார் ஒருவர். "ராசிச் சக்கரம் நின்னு போயிருந்தா எண்ணெய் விட்டுப் பாருங்க, சுத்தும்" என்று சொல்லிவிட்டு அவள் நேரே தலைமையாசிரியர் அறைக்குப் போனாள். அதிகாரியும் அங்கேதான் இருந்தார். மதிப்பெண் தாளைக் கேட்டு வாங்கி நின்றுகொண்டே பார்த்தாள்.

ஆறு. ஒன்பது. பதினொன்று. இந்த மூன்று பிள்ளைகளை அவளுக்குத் தெரியும். உண்மையிலேயே தடுமாறுகிறவர்கள். ஐம்பத்திரண்டு, அது புதுப் பிள்ளை. மீதி வரிசை முழுக்க இருபது, இருபது, இருபது, இருபது. எண்ணிப் பார்த்தாள். இருபத்தேழு இருபதுகள்.

பத்தியைக் கேட்டு வாங்கினாள். 'ஒரு காட்டில் ஒரு முயல் இருந்தது. அதன் வீடு ஆற்றங்கரையில் இருந்தது. முயலுக்கு நீந்தத் தெரியாது. ஒரு நாள் பெரிய மழை பெய்தது. ஆற்றில் வெள்ளம் வந்தது.'

இருபதாவது சொல், 'வந்தது.'

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு கோபம் வந்தது. அவளுடைய பிள்ளைகள் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நின்றிருக்கிறார்கள். வெள்ளத்தில் விரலை வைத்துக்கொண்டு, தலையைத் தூக்கி, அடுத்து என்ன ஆகும் என்று சொல்லியிருக்கிறார்கள். சொல்லிவிட்டு, எதிரில் இருக்கிற மனிதர் "பாப்போம்" என்று சொல்வதற்காகக் காத்திருந்திருக்கிறார்கள். அவர் கல்லுப்பிள்ளையாராக உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

மீதிப் பத்தியையும் படித்தாள். 'மழை நமக்கு நன்மை தருகிறது. மரங்கள் மழையைத் தருகின்றன' என்று தொடங்கி, 'நாம் மரம் நடுவோம்' என்று முடிந்தது. முயல் அதற்குப் பிறகு வரவே இல்லை. எழுதிய புண்ணியவான் நீந்தத் தெரியாத ஒரு பிராணியை வெள்ளத்தில் விட்டுவிட்டு மரம் நடப் போய்விட்டான்.

"சார்" என்றாள் அதிகாரியிடம். "படிக்கத் தெரியாத பிள்ளைங்க ஆளுக்கொரு இடத்துலதான தடுமாறும்? இருபத்தேழு பிள்ளைங்க ஒரே சொல்லுல எப்படி சார் நிக்கும்?"

"நாப்பத்தஞ்சு வரலம்மா. அவ்வளவுதான் என் கணக்கு."

"ஏன் நின்னேன்னு ஒருத்தரையாவது கேட்டீங்களா?"

"தேர்வாளர் பேசக்கூடாது. விதி."

"பிள்ளைங்க ஏதாச்சும் பேசினாங்களா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். ஆமாம், என்னென்னவோ உளறின என்றார். முயல் மரத்தில் ஏறும், முயல் பலகையில் போகும், முயலை ஆமை கூட்டிப் போகும் என்று. எழுதிக்கொள்ளவில்லை. அதற்குக் கட்டம் இல்லை.

கட்டம் இல்லை. இருபத்தேழு மூளைகள் அவர் கண்ணெதிரே வேலை செய்திருக்கின்றன, அதை எழுதத் தாளில் கட்டம் இல்லை. பூனை குறுக்கே போனால் காரியம் கெடும் என்பவனையாவது கேலி செய்யலாம், ஊரும் சேர்ந்து சிரிக்கும். எண் குறுக்கே போனால் கன்னத்தில் போட்டுக்கொள்கிற இந்தப் புது மூடநம்பிக்கையை என்ன செய்வது? இதற்குச் சுற்றறிக்கை இருக்கிறது, முத்திரை இருக்கிறது.

சுற்றறிக்கையைத் தலைமையாசிரியர் படித்துக் காட்டினார். பாதிப் பிள்ளைகளுக்கு மேல் தேறாத வகுப்பு 'அடிப்படைப் பிரிவு' ஆகும். வருடம் முடிகிற வரை தினம் நாலு மணி நேரம் எழுத்துப் பயிற்சி, அச்சிட்ட பயிற்சி ஏட்டில் மட்டும். கதை நேரம் கிடையாது. வெள்ளிக்கிழமை பெற்றோரைக் கூப்பிட்டுச் சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும்.

அதிகாரி போனதும் தலைமையாசிரியர் குரலைத் தாழ்த்தினார். ஓய்வுக்கு ஒன்றரை வருடம் இருந்த மனிதர், யாரையும் கெடுக்க நினைக்காதவர், யாருக்காகவும் நிற்கவும் நினைக்காதவர். மறுதேர்வுக்குத் தான் மேலே பேசிப் பார்ப்பதாகச் சொன்னார். தன்னால் முடிந்த உதவி என்றார். ஆனால் ஒரு நிபந்தனை.

"பிள்ளைங்களை நிக்காம படிக்கச் சொல்லும்மா. ஒரே நிமிஷம். ஒரு நிமிஷத்துக்கு மூளையக் கழட்டி மேசைல வெச்சிட்டுப் படிக்கட்டும். அப்புறம் நீ உன் கதைய வெச்சுக்க, யாரு கேக்கப் போறா?"

அவள் யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். வழியில் புதுப் பிள்ளையைப் பார்த்து, தேர்வில் வந்த கதையில் என்ன பிராணி என்று விசாரித்தாள். "ஆடு டீச்சர்" என்றது அது, மிகுந்த நம்பிக்கையோடு. பாவம், அதன்மேல் என்ன தப்பு? ஓடச் சொன்னார்கள், ஓடியிருக்கிறது. ஓடுகிற வழியில் யார் முயலையும் ஆட்டையும் பார்ப்பது?

மாலை வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். அவள் வீட்டுக்காரர் பேருந்துப் பணிமனையில் மின்பழுது பார்ப்பவர். அவள் கழுவக் கழுவ வாங்கித் துடைத்து அடுக்கிக்கொண்டே கேட்டார். அவரிடம் ஒரு கெட்ட பழக்கம், முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் பேசுவார்.

"நீ சொல்றது நூத்துக்கு நூறு சரி" என்றார். "ஆனா நிக்காதீங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா முப்பது பிள்ளைங்க தப்பிக்கும். சொல்லலைன்னா வருஷம் முழுக்க அந்த நரகம். உன் வீம்புக்குப் பிள்ளைங்க ஏன் பலியாகணும்?"

கழுவின பாத்திரத்தையே இன்னொரு தடவை கழுவினாள். கோபத்திலேயே பொல்லாதது, எதிராளி சொல்வதிலும் நியாயம் இருக்கும்போது வருகிற கோபம்தான்.

மறுநாள் வகுப்பில் அதைச் சொல்லிவிடுவது என்றுதான் போனாள். கொடியில் தபால்காரியின் மூன்றாவது தாள் தொங்கியது. பிள்ளைகளை உட்காரவைத்து, கடிகார சார் மறுபடி வந்தால் யாரும் நடுவில் நிற்காமல், தலையைத் தூக்காமல், கடகடவென்று படித்துக்கொண்டே போக வேண்டும் என்றாள். இருபது வருடத்தில் அவள் சொன்ன முதல் பொய்க்கதை அதுதான் என்று அவளுக்கே பட்டது.

சுண்டு கையைத் தூக்கினாள். "டீச்சர், நிக்கலன்னா என்ன படிச்சோம்னு எப்படித் தெரியும்?"

வகுப்பு அவள் முகத்தையே பார்த்தது. முப்பத்தொரு ஜோடிக் கண்கள். அவள் முட்டியில் அந்த அளவுகோல் மறுபடி விழுந்தது. அர்த்தம் தெரியாமல் பக்கம் திருப்பியதற்குத்தானே அன்று அடி? இன்றைக்கு அதையேதான் இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். திருட்டுப் படிப்பு.

"தெரியாது" என்றாள். "டீச்சர் தப்பா சொல்லிட்டேன். நில்லுங்க. எப்பவும் போல நில்லுங்க."

தலைமையாசிரியரிடம் போய்த் தன்னால் முடியாது என்று சொல்லிவிட்டாள். அப்படியானால் மறுதேர்வைப் பற்றியும் மறந்துவிடு என்று அவர் கோப்பை மூடினார். தோற்றால் தோற்பது அவள் அல்ல. வெந்நீரில் விழப்போவது முப்பது பிள்ளைகள், அவள் கரையில் நின்று கொள்கை பேசிக்கொண்டிருப்பாள். அது அவளுக்கு நன்றாகவே தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை பெற்றோர்கள் நடைபாதை பெஞ்சுகளில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். வேலையை விட்டு வந்தவர்கள், எல்லோரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் அவரவர் அம்மா அப்பா மடியில் சாய்ந்து நின்றார்கள். தடுமாறும் அந்த மூன்று பிள்ளைகளின் வீட்டார் மட்டும் வரவில்லை. பியூன் காலையில் முதலில் அச்சான மூன்று படிவங்களோடு லாரி நிறுத்தத்துக்குப் போய், சுமை இறக்கிக்கொண்டிருந்தவர்களிடம் நின்ற நிலையில் கையெழுத்து வாங்கி வந்துவிட்டான். மேசைமேல் மூடி கழற்றிய பேனாக்கள், கைநாட்டு வைக்க மைத்திண்டு, காலையில் அச்சடித்துச் சூடு ஆறாத படிவங்கள். அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பிள்ளைகளின் நன்மைக்காகத்தான், ஒரு சின்னக் கையெழுத்து என்றார் தலைமையாசிரியர். டீச்சர் தூணோரம் நின்றாள். பேச அவளுக்கு அனுமதி இல்லை. பேசினால் ஒழுங்கு நடவடிக்கை என்று முன்பே சொல்லியிருந்தார்கள்.

முதல் பெஞ்சில் தேய்ப்புக்கார அம்மா. மணிக்கட்டில் பழைய சூட்டுத் தழும்பு, முகத்தில் கடையைப் பூட்டாமல் வந்த பதற்றம். பேனாவை எடுத்துவிட்டாள்.

"எங்க போடணும் சார்?"

"இரும்மா" என்றாள் சுண்டு. "என்ன போட்டிருக்குன்னு பாக்காம போடறே?"

"நீதான் பாரேன்டி, பெரிய வக்கீலு" என்று அம்மா தாளை அவள் பக்கம் நகர்த்தினாள். நேரம் போனால் போகட்டும் என்ற சலிப்பு மட்டும்தான் அதில் இருந்தது.

சுண்டு விரலை வைத்தாள். "என் பிள்ளைக்கு... வா-சிக்-கும் திறன்... போ-திய அளவில் இல்லை... என்பதை... அறிந்து-கொண்-டேன்." விரல் நின்றது. தலை நிமிர்ந்தது. "அம்மா, பிள்ளைக்குப் படிக்க வரலன்னு கண்டுபிடிச்சிட்டாங்க. இப்ப அந்த அம்மா அழப்போறாங்க."

"எந்தப் பிள்ளைக்குடி?"

"தெரியல. மேல படிச்சாத்தான் தெரியும்."

"படி, பாப்போம்" என்றாள் அம்மா, அது ஒரு முறை என்று தெரியாமலே.

"ஆகவே... பிள்ளையை... அடிப்-படைப் பிரிவுக்கு... மாற்ற... சம்-மதிக்-கிறேன்." கீழே கோடு போட்ட இடத்தில் பேனாவால் எழுதியிருந்த பெயரைப் பார்த்தாள். அது அவளுடைய பெயர். "அம்மா, இது நான்."

தனக்குப் படிக்கத் தெரியாது என்று எழுதிய தாளை அந்தப் பிள்ளை படித்துக்காட்டி முடித்திருந்தது.

முதலில் சுதாரித்துக்கொண்டவர் அதிகாரிதான். மனப்பாடம் பண்ணிச் சொல்கிறாள் என்றார்.

தேய்ப்புக்கார அம்மா எழுந்தாள். "சார், இந்தத் தாள் எப்ப அடிச்சது?"

"காலைலதான்."

"அப்ப எப்ப சார் மனப்பாடம் பண்ணுவா? என் வயித்துல இருக்கறப்பவா?"

பின்பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சுண்டு அதற்குள் தாளைத் திருப்பிவிட்டாள். அவளுக்குத் தெரிந்தவரை கதை எப்போதும் தாளின் பின்பக்கத்தில்தான் இருக்கும். அங்கே அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரிப் பொடி எழுத்தில் இரண்டு வரி. கண்ணை மூக்கருகே கொண்டுபோய் எழுத்துக்கூட்டினாள். பெற்றோர் சம்மதிக்காவிட்டால், அவர்கள் முன்னிலையில், அதே நாளில் மறுதேர்வு நடத்தப்படும்.

டீச்சர் தலைமையாசிரியரைப் பார்த்தாள். அவர் மேசை விரிப்பின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தார். மேலே பேசிப் பார்க்கிறேன் என்று அவர் பெரிய மனது பண்ணிக் கொடுக்க இருந்த பிச்சை, ஒவ்வொரு பெற்றோருக்கும் எழுதி வைத்திருந்த உரிமை. தாளின் பின்பக்கத்தில், பொடி எழுத்தில், படிக்கத் தெரியாதவர்களிடம் நீட்டுகிற தாளில். இருபது வருடத்தில் எத்தனையோ கோபம் பட்டிருக்கிறாள், அதுவரை பட்டதெல்லாம் வெறும் எரிச்சல் என்று அப்போது தெரிந்தது. ஆனால் அவள் வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. நடைபாதை முழுக்கத் தாள்கள் புரளும் சரசரப்பு. ஒவ்வொரு பெஞ்சிலும் ஒரு பிள்ளை விரலை வைத்து எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தது. பேனாக்கள் மேசைக்குத் திரும்பின.

"பெற்றோர் முன்னிலைன்னு போட்டிருக்காம்" என்றாள் தேய்ப்புக்கார அம்மா. "நாங்க இருக்கோம். வையுங்க பரீட்சைய."

முதலில் சுண்டு. அதே பத்தி, அதே கடிகாரம். வாசற்படியில் அம்மாக்கள், சன்னல் கம்பிகளில் அப்பாக்கள். டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். சுண்டு படித்தாள். வெள்ளம் வந்தது. விரல் நின்றது, தலை நிமிர்ந்தது. "முயலுக்குத்தான் நீந்தத் தெரியாதே. இப்ப அது கூரை மேல ஏறும்" என்றாள். அதிகாரி வாய் திறக்கவில்லை. நொடி முள் ஓடியது. ஐந்து. எட்டு. ஒரு சொல், ஒரே சொல் சொன்னால் போதும், சொல்லக்கூடாது.

"பாப்போம், படிடி" என்றது வாசற்படியிலிருந்து அம்மாவின் குரல்.

சுண்டு குனிந்து மீதியைப் பாய்ந்து படித்தாள், முயலைத் தேடிக்கொண்டே. மழையைத் தாண்டி, மரங்களைத் தாண்டி, 'நாம் மரம் நடுவோம்' வரை வந்து, நிற்காமல் தாளைப் புரட்டினாள். பின்பக்கம் வெள்ளை. கடிகாரம் அதன் பிறகுதான் கத்தியது.

"மீதி எங்க சார்?"

"அவ்வளவுதான்."

"முயல் என்ன ஆச்சு?"

அவர் சிரிக்கப் பார்த்தார், வாசற்படியில் யாரும் சிரிக்கவில்லை. தாளை அவள் கையிலிருந்து வாங்கினார். கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை பார்த்தார். மறுபடி மேலே போனார். எத்தனையோ பள்ளிகளில் எத்தனையோ பிள்ளைகளைக் கடிகாரம் பிடித்து அளந்த மனிதர், அந்தப் பத்தியை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் படித்தார்.

தாளை மேசையில் வைத்துக் கடிகாரத்தைப் பூஜ்யத்துக்குத் திருப்பினார். அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்.

சாயங்காலத்துக்குள் இருபத்தொரு பிள்ளைகள் கோட்டைத் தாண்டினார்கள். ஆறு பேர் தாண்டவில்லை. அதில் ஒரு பிள்ளை முயலுக்குப் படகு செய்ய என்னென்ன வேண்டும் என்று முப்பது நொடி சொன்னதாம். பாதிக்கு மேல் தேறிவிட்டதால் வகுப்பு தப்பியது. கணக்கு அவ்வளவுதான்.

தப்பாதவர்கள் மூன்று பேர். ஆறு, ஒன்பது, பதினொன்று. அவர்கள் வீட்டார் கையெழுத்துப் போட்டாகிவிட்டது, போட்டது போட்டதுதான் என்றார்கள். யாரைவிடவும் கதை தேவைப்பட்ட மூன்று பிள்ளைகளைத்தான், பக்கத்து வகுப்பில் தேறாதவர்களோடு சேர்த்து, எதிர்அறையில் உட்காரவைத்தார்கள். கதவைச் சாத்தி, ஒரே எழுத்தை ஒரே குரலில் கத்தவைத்தார்கள். அதற்காக அவள் மூன்று மனுக்கள் எழுதினாள். இரண்டுக்குப் பதில் இல்லை. மூன்றாவதற்கு வந்த பதில் ஒரு குறிப்பாணை. வகுப்பறைக்குள் கதைத் தாள்களைத் தொங்கவிடக்கூடாது என்றது.

அதை அவள் நின்று நின்று படித்தாள். 'வகுப்பறைக்குள்' என்ற சொல்லில் விரலை வைத்து, தலையைத் தூக்கிக் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் ஒன்றும் இல்லை.

குறிப்பாணை வந்த அடுத்த திங்கட்கிழமை காலை கொடி வெளியே வந்துவிட்டது. ஒரு முனை அவள் வகுப்புக் கதவின் கொண்டியில், மறுமுனை எதிர்அறைச் சன்னல் கம்பியில். அந்த மூன்று பேரும் படிக்காமல் விட்ட தபால்காரியின் நான்காவது தாள் அந்தச் சன்னலுக்கு நேராகத் தொங்கியது, எழுத்துப் பக்கம் உள்ளே பார்த்தபடி. கிளிப்பை அவள் தேவைக்கு மேல் அழுத்திப் போட்டாள். கோபம் தீரவில்லை. தீர்த்துக்கொள்ளவும் அவளுக்கு விருப்பமில்லை.

உள்ளே ஒரே எழுத்தைக் கத்திக்கொண்டிருந்த குரல்களில் ஒன்று குறைந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்றும் குறைந்தது.